புல்லட்டின் இரண்டு சின்னக் கண்கள்

பழைய புல்லட் வண்டி உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய முகப்பு விளக்குக்கு இருபுறமும் எலுமிச்சம்பழ அளவில் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். ஆங்கிலத்தில் அவற்றுக்குப் 'புலிக்கண்' என்று செல்லப் பெயர். வெறும் அலங்காரம் என்றுதான் நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

உண்மையில் அவை வழி பார்ப்பதற்கானவை அல்ல. இரவில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினால், 'இங்கே ஒரு வண்டி நிற்கிறது' என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காக வைத்தவை. மிகக் குறைந்த மின்சாரத்தில் எரியும், பேட்டரியும் தீராது.

மோட்டார் சைக்கிளின் ஆரம்ப காலத்தில் மின்விளக்கே கிடையாது. கார்பைடு விளக்குதான். கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு கிளம்பும். அதை ரப்பர் குழாய் வழியாக முன் விளக்குக்குக் கொண்டுபோய்ப் பற்றவைப்பார்கள். நல்ல வெள்ளை வெளிச்சம்; கூடவே பூண்டு வாடை. பிறகு டைனமோவும் பேட்டரியும் வந்தன.

1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியது. அந்தக் காலத்து வண்டிகள் 6 வோல்ட். சிக்கலே அதில்தான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 6 வோல்ட்டில் 25 வாட் விளக்கு இரண்டு கூடுதலாகப் போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் நாலு ஆம்பியர் போதும்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் எழுபதுகளின் கடைசியில் நானும் புதுப்பேட்டையில் இரண்டு ஃபாக் லைட் வாங்கி மாட்டினேன். செங்கல்பட்டு தாண்டியதும் இரண்டையும் போட்டேன். சாலை பகலாகிவிட்டது! எதிரே அரிசி மூட்டையோடு சைக்கிளில் வந்தவர் கண் கூசி, மண்ணில் இறங்கி மூட்டையோடு சாய்ந்துவிட்டார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தூக்கிவிட்டபோது அவர் கேட்டார்: "உங்களுக்கு வெளிச்சம் வேணும் சார். எங்களுக்குக் கண்ணு வேணாமா?"

பதில் சொல்ல முடியவில்லை. மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சிறிது தூரத்தில் ஆம்ப்மீட்டர் முள் கழித்தல் பக்கமே படுத்துக் கிடப்பதைக் கவனித்தேன். முகப்பு விளக்கு மஞ்சளாகி, சிவந்து, மினுக்கிட்டாம் பூச்சி ஆகிவிட்டது. மீதி வழியை ஒரு லாரியின் பின்னாலேயே ஊர்ந்து கடந்தேன். மறுநாளே இரண்டையும் கழற்றிவிட்டேன்.

கண் கூசும் பிரச்சினை அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தது அதற்காகத்தானே! பின்னர் 12 வோல்ட்டும் ஹாலஜன் பல்பும் வந்தன. இப்போது எல்.ஈ.டி. முன்பு ஐம்பது வாட் கேட்ட வெளிச்சத்தை அதில் ஒரு பங்கு மின்சாரத்திலேயே தந்துவிடுகிறது. பேட்டரிக் கவலை ஏறக்குறைய தீர்ந்தது. சைக்கிள்காரர் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு பகலிலும் தானாகவே எரிகிறது. எதற்கு? நாம் பார்ப்பதற்கல்ல, பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. அந்தச் சின்னப் புலிக்கண்கள் செய்த வேலையேதான்.

கூடுதல் விளக்கு மாட்டும் இளைஞர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: ரிலேயும் ஃப்யூஸும் போட்டு, தனி சுவிட்ச் வையுங்கள். ஒளி தரையைப் பார்க்கும்படி சாய்த்து மாட்டுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டு, இருபதடி முன்னால் போய், சைக்கிளில் உட்கார்ந்தவர் உயரத்தில் நின்று ஒருமுறை பாருங்கள்.