வழியில் கழியும் நேரம் யாருடையது? களப்பணியாளரின் நேரப்பதிவு வரலாறு

மின்தூக்கியைப் பழுதுபார்ப்பவர், பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்துபவர், குளிர்சாதனக் கருவிகளைச் சீர்செய்பவர் ஆகியோருக்கு வாடிக்கையாளரின் கட்டடமே வேலையிடமாக இருப்பதால், அவர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதை மேற்பார்வையாளர் நேரில் கண்டு கணக்கிட இயலாது. இத்தகைய பணிகளில் நேரத்தைப் பதிவுசெய்யும் வழக்கம் கைப்பேசிச் செயலிகளுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. எந்த நிமிடம் வேலையில் சேரும், அதற்கு யாருடைய பதிவு சான்றாகும் என்னும் இரு கேள்விகளே அதன் வரலாறு நெடுகிலும் வழக்குக்குரியவையாக இருந்து வந்துள்ளன.

நடந்துகொண்டே பணிபுரிபவரைக் கணக்கில் கொண்டுவந்த தொடக்கக் கருவிகளுள் முக்கியமானது இரவுக் காவலரின் கடிகாரம் ஆகும். தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வெனிங்கன் நகரில் யோஹானஸ் பியூர்க் என்பவர், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய இத்தகைய கடிகாரங்களை 1855 முதல் தயாரித்தார். காவலர் சுற்றிவர வேண்டிய ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாவி சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். அவர் அங்கே சென்று அச்சாவியைத் தம் கடிகாரத்தினுள் இட்டுத் திருப்பினால், உள்ளே சுழலும் காகிதத்தில் அந்த இடத்திற்குரிய அடையாளம் நேரத்தோடு பதியும். கடிகாரத்தைத் திறக்கும் அதிகாரம் முதலாளிக்கு மட்டுமே உண்டு என்பதால், பதிவை உருவாக்கியவர் காவலராயினும் அதைப் படிப்பவரும் வைத்திருப்பவரும் முதலாளியாகவே இருந்தார்.

தொழிற்சாலை வாசலுக்கு இக்கொள்கை வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் நகைக்கடை நடத்திய வில்லார்ட் பண்டி, தொழிலாளர் ஒவ்வொருவரும் தமக்குரிய எண்ணிட்ட சாவியால் வருகையைப் பதியும் கடிகாரத்தை 1888இல் உருவாக்கினார். 1894இல் ராச்செஸ்டர் நகரின் டேனியல் கூப்பர் சாவிக்குப் பதிலாக அட்டையைக் கொண்டுவந்தார். இக்கருவிகளைத் தயாரித்த நிறுவனங்கள் ஒன்றிணைந்து, 1911இல் வேறு சில நிறுவனங்களோடும் சேர்ந்து, 1924இல் ஐபிஎம் என்னும் பெயரைப் பெற்றன. வருகையைக் குறிக்கும் அட்டையோடு வேலை அட்டை என்னும் இன்னொன்றும் வழக்கத்திற்கு வந்தது. ஒரு வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதற்குரிய தனி அட்டையில் நேர முத்திரை இட்டு, பின்னர் அட்டைகளைக் கூட்டி, அந்த வேலைக்கான உழைப்புச் செலவைக் காண்பதே இம்முறை. ஒரே கூரையின் கீழ் நடக்கும் உற்பத்திக்கு இது பொருந்தியது. ஆனால் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து அடுத்தவரிடம் செல்லும் பணியாளரின் நாளில், முதல் அட்டை முடிந்து அடுத்த அட்டை தொடங்கும் வரையுள்ள பயண நேரம் எந்த அட்டையிலும் சேராமல் நின்றது.

அந்த இடைவெளியை வேலையின் இலக்கணத்திற்குள் கொண்டுவரும் போராட்டம் அமெரிக்க நீதிமன்றங்களில் வலுப்பெற்றது. குறைந்தபட்ச ஊதியத்தையும் மிகைநேர ஊதியத்தையும் வகுத்த 1938ஆம் ஆண்டுச் சட்டம், வேலைநேரம் எது என்பதை முழுமையாக வரையறுக்கவில்லை. சுரங்க வாயிலிலிருந்து வெட்டும் இடம்வரை செல்லும் நேரமும் வேலையே என இரும்புத்தாதுச் சுரங்கத் தொழிலாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1944இல் கூறியது. மிச்சிகன் மாநிலத்தின் மவுண்ட் கிளெமென்ஸ் மட்பாண்டத் தொழிற்சாலை வழக்கில் 1946இல் வந்த தீர்ப்பு இன்னும் ஆழமானது. காலை 6.46க்கு அட்டை பதித்து, நண்பகல் 12.14க்கு வெளியேறி, 12.46க்குத் திரும்பி, மாலை 4.14க்குச் சென்ற தொழிலாளிக்கு அங்கே எட்டு மணி நேரம் மட்டுமே வரவு வைக்கப்பட்டது. கடிகாரம் காட்டியதில் 56 நிமிடங்கள் கணக்கிலிருந்து விடுபட்டன. வாயிலிலிருந்து வேலை மேடைவரை நடப்பது வேலைநேரமே என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், முதலாளி முறையான பதிவை வைத்திராதபோது தொழிலாளி நியாயமான மதிப்பீட்டை முன்வைத்தாலே போதும், அதை மறுத்து நிறுவும் பொறுப்பு முதலாளியைச் சேரும் என்றும் கூறியது.

இதைத் தொடர்ந்து வழக்குகள் பெருகவே, அமெரிக்கக் காங்கிரஸ் 1947இல் புதிய சட்டமொன்றை இயற்றி, முதன்மை வேலை நடக்கும் இடத்திற்குச் செல்வதையும் அங்கிருந்து திரும்புவதையும் ஊதியத்திற்குரிய நேரத்திலிருந்து பொதுவாக விலக்கியது. எனினும், நாளின் நடுவே ஒரு பணியிடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பயணம் அன்றைய வேலையின் பகுதியே என்னும் விதி அந்நாட்டில் நிலைத்தது. பதிவு பற்றிய 1946ஆம் ஆண்டுக் கோட்பாடும் அழியவில்லை.

நிலையான பணியிடமே இல்லாதவருக்கு நாள் எங்கே தொடங்குகிறது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015 செப்டம்பர் 10 அன்று தீர்த்துவைத்தது. ஸ்பெயினில் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் டைகோ நிறுவனங்கள் 2011இல் வட்டார அலுவலகங்களை மூடி, பணியாளர்கள் அனைவரையும் மாட்ரிட் அலுவலகத்தின் கீழ்க் கொண்டுவந்தன. முன்பு அலுவலகத்திற்கு வந்து வாகனத்தை எடுக்கும்போதே வேலைநேரம் தொடங்கியது. மூடலுக்குப்பின் அவர்கள் வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளரிடம் புறப்பட்டபோதும், சில வேளைகளில் அத்தொலைவு 100 கிலோமீட்டரைத் தாண்டியபோதும், முதல் வாடிக்கையாளரின் இடத்தை அடைந்த பின்னரே கணக்குத் தொடங்கியது. முதல் வாடிக்கையாளரிடம் செல்வதும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்புவதும் இத்தகையவருக்கு வேலைநேரமே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பின் நேரத்தையும் ஓய்வையும் வரையறுப்பதே அத்தீர்ப்பு. ஊதிய விகிதத்தை அது அந்தந்த நாட்டுச் சட்டத்திற்கே விட்டது. அன்றாட வேலைநேரத்தை அளக்க நடுநிலையான, நம்பத்தக்க, எளிதில் அணுகக்கூடிய ஒரு முறையை முதலாளிகள் அமைப்பதை உறுப்புநாடுகள் கட்டாயமாக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2019 மே மாதத்தில் கூறியது.

காவலரின் கடிகாரம் கண்காணிப்புக்காகவே பிறந்தது. தொழிலாளி தன் உழைப்பை நிறுவும் சான்றாக நேரப்பதிவு மாறியது நீதிமன்றங்களின் வழியாக. இன்றைய கைப்பேசிச் செயலி இவ்விரு பயன்களுக்கும் உதவக்கூடியது. பயணத்தையும் காத்திருப்பையும் தனித்தனியே பதிந்து, அப்பதிவின் படியைப் பணியாளருக்கும் தரும் முறையே நேர்மையான முறை. முதலாளி மட்டுமே படிக்கக்கூடிய பதிவு, எவ்வளவு துல்லியமாயினும், பாதிக் கணக்கே.