பல்தளச் செயலியும் வகுப்பறைக் கணிதமும்: ஜியோஜீப்ராவின் வரலாறு

முன்னுரை

கணினிவழிக் கற்பித்தலின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எத்தனை கணினிகள் பள்ளிக்கு வந்தன என்பது பதிவாகிறது. ஆசிரியர் ஓர் இயங்குதளத்தில் உருவாக்கிய பாடம், கருவி மாறியபின் திறந்ததா என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. இவ்வினாவை முன்வைத்து, ஜியோஜீப்ரா என்னும் கணிதச் செயலியின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர், தம் முதுநிலை ஆய்வேட்டின் பகுதியாக 2001-இல் இச்செயலியை உருவாக்கத் தொடங்கினார். வடிவியலும் இயற்கணிதமும் இதில் ஒரே திரையில் இணைந்தன. வட்டத்தின் மையப்புள்ளியை இழுத்தால் வட்டம் நகரும். அதன் சமன்பாடும் உடனே மாறும். கரும்பலகையில் இதைக் காட்ட ஆசிரியர் அழித்தழித்து வரைய வேண்டும்.

செயலி ஜாவா மொழியில் எழுதப்பட்டதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கியது. கட்டற்ற மென்பொருளை ஏற்றுக்கொண்ட கேரளப் பள்ளிகளின் லினக்ஸ் கணினிகளில் இது இடம்பெற இத்தன்மை துணைநின்றது.

தளமாற்றத்தின் சோதனை

பலமாகக் கருதப்பட்ட ஜாவாவே பின்னர் இடரும் ஆயிற்று. வலைப்பக்கங்களில் பொதிந்த ஜாவா ஆப்லெட்டுகளை ஐபேட் ஏற்கவில்லை. கூகுள் குரோம் உலாவியும் அவற்றுக்கான ஆதரவை 2015-இல் நிறுத்தியது. செயலியின் உருவாக்குநர்கள் ஜாவா நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி, உலாவியிலேயே இயங்கும் வடிவத்தை ஆக்கினர். இதனினும் முக்கியமானது கோப்பின் அமைப்பு. ஜியோஜீப்ராக் கோப்பு என்பது சுருக்கப்பட்ட ஒரு பொதி. அதனுள் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் கோடும் எக்ஸ்எம்எல் உரையாக விவரிக்கப்பட்டிருக்கும். ஆகவே மேசைக்கணினியில் ஆசிரியர் அமைத்த பாடம் பின்னாளில் கைப்பேசியிலும் திறந்தது. அடோபி ஃபிளாஷில் அமைந்த பாடங்களுக்கு இந்நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 2020 டிசம்பருடன் ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்தபோது, மாற்றி எழுதப்படாதவை உலாவிகளில் இயங்காமற்போயின. ஆசிரியர்களின் பல்லாண்டு உழைப்பு அவற்றில் இருந்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில்

தமிழ்நாட்டில் 2011 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாயின. கணித நூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதி ஜியோஜீப்ராப் பணித்தாள்களுக்கு வழிகாட்டியது. பள்ளி ஆய்வகத்தில் கணினி, வீட்டில் பெற்றோரின் கைப்பேசி எனக் கருவிகள் வேறுபடும் சூழலில், ஒரே தளத்துக்கெனச் செய்யப்பட்ட செயலியைப் பாடநூலில் பரிந்துரைத்திருக்க இயலாது. இப்பகுதியைப் பாடநூலின் அணிகலனாக மட்டும் கருதுவது பொருந்தாது.

எனினும் தளம் கடந்த செயலிக்கும் உரிமையாளர் உண்டு. 2021-இல் ஜியோஜீப்ராவைப் பைஜூஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. பாடநூலில் அச்சான முகவரி இட்டுச்செல்வது ஜியோஜீப்ராவின் வலைத்தளத்திற்கே. அம்முகவரி மாறினால் அச்சிட்ட பக்கத்தைத் திருத்த வழியில்லை. ஆசிரியர் தம் கணினியில் சேமித்த கோப்பு, செயலியின் மேசைக்கணினி வடிவத்தில் இணையமின்றியும் திறக்கிறது.