போர்ன்ஹோல்ம்ஸ்க்

பால்டிக் கடலிலுள்ள டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவில் பேசப்படும், அருகிவரும் வட்டார வழக்கு. கிழக்கு டேனியக் கிளையைச் சேர்ந்தது. 1658இல், இதே கிளை வழக்கு பேசப்பட்ட டென்மார்க்கின் ஸ்கோனே பகுதியோடு இத்தீவும் சுவீடன் வசமானது. அதே ஆண்டு தீவினர் கிளர்ந்தெழுந்து டென்மார்க்குடன் மீண்டும் இணைந்தனர், ஸ்கோனே திரும்பவில்லை. பொது டேனியத்தில் ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகிவிட, இவ்வழக்கு மூன்று இலக்கணப் பால்களையும் காத்தது. டேனியப் பேச்சின் அடையாளமான குரல்வளை இறுக்கம் இதில் இல்லை. இத்தகைய தனித்தன்மைகள் கொண்ட பேச்சு இளையோர் நாவில் தேய்வது பெரும் இழப்பு. அவர்களிடம் பெரும்பாலும் தீவின் இசைத்தொனி கலந்த பொது டேனியமே வழங்குகிறது. இவ்வழக்கை மீட்கும் முயற்சிக்கு அடித்தளம் எஸ்பர்சன் என்பவர் தொகுத்து 1908இல் வெளியான இவ்வழக்கின் அகராதி. மொழியியலாளர் அலெக்ஸ் ஸ்பீட் கெல்சன் புதிய மின்னகராதியை உருவாக்கிவருகிறார். 2019இல் அவரும் லியோன் டெர்சின்ஸ்கியும் இவ்வழக்குக்கான கணினிவழி மொழிக் கருவிகளை வெளியிட்டனர். டேனியத்திலிருந்து இயந்திர மொழிபெயர்ப்பும் அவற்றுள் அடங்கும்.