நகர்ப்புற மலேரியாக் கட்டுப்பாட்டில் எண்ணிம வரைபடம்

நகர்ப்புற மலேரியாக் கட்டுப்பாட்டில் எண்ணிம வரைபடம் என்பது, மலேரியா நோயாளிகளின் இருப்பிடங்களையும் கொசுக்கள் முட்டையிடும் நீர்த்தேக்கங்களையும் புவியியல் தகவல் முறைமையின் துணையுடன் கணினி வரைபடத்தில் குறித்து, களப்பணியாளரை எங்கு, எப்போது அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்யும் முறையாகும். இந்தியாவில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கருநாடக மாநிலத்தின் மங்களூர் ஆகும்.

நகரக் கொசு

இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசு அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இது சாக்கடையை விடத் தூய நீரையே நாடுகிறது. கிணறு, மேல்நிலைத் தொட்டி, சிமெண்ட் தொட்டி, கட்டடப் பணியிடங்களில் தேங்கும் நீர் ஆகியவற்றில் முட்டையிடுகிறது. எனவே வறட்சி இக்கொசுவுக்குத் தடையன்று. நீர் அரிதாகும்போது மக்கள் அதைச் சேமிக்கின்றனர். சேமித்த நீர் மூடப்படாவிடில் கொசுவுக்கு இடமாகிறது. விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற பகுதிகளுக்கு இச்செய்தி முக்கியமானது. அங்கு கண்மாய், ஊருணி ஆகியவற்றை எளிதில் வரைபடத்தில் குறிக்கலாம்; வீட்டுக்குள் இருக்கும் தொட்டி எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது.

இக்கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016இல் இலங்கையின் மன்னாரிலும் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மலேரியா ஒழிக்கப்பட்ட நாடு என்று அதே 2016இல்தான் இலங்கை உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றிருந்தது.

இந்தியாவில் நகர்ப்புற மலேரியாத் திட்டம் 1971இல் தொடங்கப்பட்டது. கொசுப்புழுக்களை அழிப்பதே அதன் அடிப்படை. தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கினர் நெடுங்காலம் சென்னை நகரத்திலேயே பதிவாகி வந்தனர்.

மங்களூர் முறை

மங்களூரில் அக்டோபர் 2015இல் எண்ணிமக் கண்காணிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் கண்டறிந்த நோயாளியின் விவரம் மென்பொருள் வழியாக அப்பகுதிப் பணியாளரின் டேப்லட் கணினிக்குச் செல்கிறது. அவர் வீட்டுக்குச் சென்று இருப்பிடத்தைப் புவியிடங்காட்டியால் பதிவு செய்து, சுற்றுப்புறத்தில் கொசுப்புழுக்களைத் தேடி அழிக்கிறார். நோயாளி மருந்தை முடித்தாரா என்றும் பார்க்கிறார். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் தங்கி மீண்டும் காய்ச்சலை உண்டாக்கக் கூடியது. அதற்கான பிரிமாகுயின் மருந்தை இந்தியாவில் 14 நாட்கள் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துவோர் பலர். கட்டடத் தொழிலாளர் வேலை முடிந்ததும் வேறிடம் பெயர்ந்து விடுகின்றனர். ஆகவே முகவரி உடனே கிடைப்பதே இம்முறையின் உண்மையான பயன். வண்ணப் புள்ளிகள் அதற்குப் பிறகுதான். முறை தொடங்கிய ஐந்தாம் ஆண்டில் மலேரியா நிகழ்வு ஏறத்தாழ 83 விழுக்காடு குறைந்ததாக ஆய்விதழில் வெளியிடப்பட்டது.

விடுபடும் இடங்கள்

தான்சானியாவின் தாருசலாம் நகரில் 2004இல் தொடங்கிய திட்டத்தில், உள்ளூர் மக்களின் துணையுடன் கையால் வரையப்பட்ட படங்கள் வான்படங்களோடு ஒப்பிடப்பட்டன. எவர் பொறுப்பிலும் சேராத வெற்று நிலங்கள் கைப்படங்களில் விடுபட்டிருந்தது அப்போது தெரிந்தது. கொசுப்புழு தேடுவோர் அங்குச் சென்றதே இல்லை.

நோயாளிப் புள்ளி, அவர் தங்கும் இடத்தைக் காட்டுகிறதே தவிர, நோய் தொற்றிய இடத்தை அன்று. அருப்புக்கோட்டையில் வசிப்பவர் சென்னையில் வேலை செய்தபோது தொற்றுப் பெற்றிருந்தால், அவர் தெருவில் புழுக்களைத் தேடுவது மட்டும் போதாது. பயண விவரமும் பதியப்பட வேண்டும். ஆயினும் அத்தெருவில் இக்கொசு இருப்பின் அவரிடமிருந்து பிறருக்குப் பரவலாம். கொசுவின் உடலில் ஒட்டுண்ணி முதிர ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும்; தடுப்புப் பணிக்குக் கிடைக்கும் கால இடைவெளி இதுவே.

புழுத் தேக்கங்களின் பதிவு விரைவில் பழையதாகி விடுகிறது. வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக மாற 10 நாட்கள் கூட ஆவதில்லை என்பதால், தொட்டிகளை வாரம் ஒருமுறை பார்வையிடுவது வழக்கம். நோயாளியின் வீடு தெரியும் வரைபடத்தைப் பொதுவில் வெளியிடுவது முறையன்று. பொதுமக்களுக்கு வார்டு அளவிலான படமே போதும்.