வழக்கொழிந்த அளவு நெகட்டிவ்களை வீட்டில் ஸ்கேன் செய்தல்

இன்று கடையில் எளிதில் கிடைக்கும் சுருள் பிலிம் இரண்டே அளவு: 35 மி.மீ., 120. வீட்டுப் பெட்டிகளிலிருந்து வெளிவரும் பழைய நெகட்டிவ்கள் இந்த இரண்டுக்குள் அடங்குவதில்லை. புதிய கேமராக்கள் பலவற்றோடு கோடாக் நிறுவனம் ஒரு புதிய பிலிம் அளவையும் கூடவே இறக்கியது. கேமராக்கள் வழக்கொழிந்த பின் பிலிமையும் நிறுத்தியது. ஸ்கேனரோடு வரும் பிளாஸ்டிக் சட்டங்கள் பெரும்பாலும் 35 மி.மீ.க்கும் 120க்கும் மட்டுமே பொருந்துவதால், மற்ற அளவுகளுக்கு விலை கூடிய கருவி வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை ஏறக்குறைய நேர்மாறானது.

அளவுகள்

1899இல் வந்த 116 சுருளின் அகலம் 70 மி.மீ.; படம் சுமார் 6.5 × 11 செ.மீ. 1903இன் 122, அஞ்சலட்டை அளவில், அதாவது சுமார் 8 × 14 செ.மீ.க்குப் படம் தந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் வெஸ்ட் பாக்கெட் கோடாக்குக்காக 1912இல் 127 பிறந்தது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் கொண்டுசென்ற கேமரா அது. 1963இன் 126 சுமார் 28 மி.மீ. சதுரம். 1972இன் 110 வெறும் 13 × 17 மி.மீ.; 1982இன் டிஸ்க் பிலிமில் படம் அதைவிடவும் சிறியது. 620 மட்டும் பெயரளவில்தான் வேறு: பிலிம் 120தான், சுற்றும் கட்டைதான் மெலிது. அதனால் 120க்கான சட்டத்திலேயே அது உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும்?

ஒரு 116 நெகட்டிவை அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற எளிய அமைப்பில் ஸ்கேன் செய்தாலே சுமார் 1.6 கோடி புள்ளிகள் கிடைக்கும். 110 நெகட்டிவை 2400இல் ஸ்கேன் செய்தாலும் 20 லட்சத்தைத் தாண்டாது. நெகட்டிவ் பெரிதாகப் பெரிதாக ஸ்கேனர் சுமாராக இருந்தால் போதும். பெட்டியின் மேல் அச்சிட்ட 4800, 6400 போன்ற எண்களை நம்பிக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். மலிவுக் கருவிகள் உண்மையில் பிரித்துக்காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட இராது. பெட்டிக் கேமராவின் ஒற்றை லென்ஸ் பதித்த படத்தில் தோண்டி எடுக்க அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தட்டை ஸ்கேனர்

மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனரே நெகட்டிவுக்கு ஆகும். காகிதம் மட்டும் எடுக்கும் ஸ்கேனர் உதவாது. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவதே சிக்கனம். சட்டத்தை நாமே செய்துகொள்ளலாம். கறுப்பு அட்டையில் படத்தைவிட ஓரிரு மி.மீ. குறைவாகச் சன்னல் வெட்டி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே நெகட்டிவை வைத்தால் போதும். சுற்றிலும் கசியும் வெளிச்சத்தையும் அதே அட்டை தடுத்துவிடும். ஆனால் பல கருவிகளில் கண்ணாடியின் ஒரு முனையில் உள்ள பட்டையைப் பார்த்துத்தான் ஸ்கேனர் தன் விளக்கை அளந்துகொள்கிறது. அந்த இடத்தை அட்டை மறைத்தால் படம் நெடுகக் கோடு விழும். கருவி கெட்டுவிட்டதாக எண்ணிப் பழுதுகடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

சில ஸ்கேனர்களின் குவியம் கண்ணாடிமேல் இல்லை, இரண்டு மூன்று மி.மீ. உயரத்தில் இருக்கும். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நாணயங்களை ஒவ்வொன்றாக ஏற்றி ஸ்கேன் செய்து பார்த்தால், எந்த உயரத்தில் படம் கூர்மையாகிறது என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். சுருண்ட பிலிமைக் கண்ணாடிமேல் அழுத்தினால் எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் தோன்றும். இவை நியூட்டன் வளையங்கள். வழவழப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டுவதால் வருபவை. மங்கலான பூச்சுப் பக்கத்தைக் கீழே வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேமராவால் எடுத்தல்

110, 126 போன்ற சிறிய படங்களுக்கு மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவே மேல். வெளிச்சத்துக்குக் கோலமும் படமும் நகலெடுக்கும் எல்இடி பலகை போதும். கிளினிக்குகள் கழித்துவிட்ட எக்ஸ்ரே பெட்டியும் உதவும். நெகட்டிவைப் பலகைமேல் நேராக வைக்காமல் இரண்டு மூன்று செ.மீ. தூக்கி வைத்தால் பலகையின் தூசியும் புள்ளிகளும் படத்தில் ஏறாது. கேமரா நேர்செங்குத்தாக உள்ளதா என்று பார்க்க, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு முகக்கண்ணாடியை வைக்க வேண்டும். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் சரி. 122 போன்ற பெரிய நெகட்டிவை இரண்டு மூன்று துண்டுகளாக எடுத்து, ஹுகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டலாம். துண்டுக்குத் துண்டு ஒளியளவை மாற்றக் கூடாது.

தூசி, பூஞ்சை, ஆபத்து

அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி கறுப்பு வெள்ளையில் பலிக்காது. பிலிமின் வெள்ளித் துகளும் அந்த ஒளியை மறைப்பதால் படத்தையே அது தூசியாக எண்ணிவிடும். ரப்பர் ஊதுபந்தும் பொறுமையுமே வழி. பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது: பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், முகமும் சேர்ந்து போய்விடும். வினிகர் வாடை அடித்தால் அது சிதையும் அசிட்டேட். மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். 1950க்கு முந்தைய சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம். பழுப்பேறிப் பிசுபிசுத்தால் விளக்கருகே கொண்டுபோகாமல் ஆவணக் காப்பகத்தாரிடம் கேட்பதே நல்லது.

நேர்ப்படமாக்கல்

கறுப்பு வெள்ளையில் நிறங்களைத் தலைகீழாக்கினால் வேலை முடிந்தது. வண்ண நெகட்டிவில் ஆரஞ்சுப் பூச்சைக் கழிக்க வேண்டும். டார்க்டேபிள் மென்பொருளின் நெகடாக்டர் பகுதியில், படம் பதியாத ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் அதுவே கழித்துவிடும். பூச்சுப் பக்கம் கீழே வைத்து எடுத்த படம் இடவலம் மாறியிருந்தால் திருப்ப வேண்டும். பின்னணியில் கடைப் பலகை இருந்தால் எழுத்தே காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் ஆண்களின் சட்டைப்பையையும் பெண்களின் முந்தானையையும் பார்க்கலாம். இரண்டும் பெரும்பாலும் இடப்பக்கம்.