சுதந்திரம்: பொருளும் வகைகளும், ஒரு சிறைக் கைதியின் வழக்கும்

சுதந்திரம் என்றால் என்ன? அரசியல் அறிவியல் படிப்பவர்கள் முதல் வருடமே மனப்பாடம் செய்துவிடும் கேள்வி இது. லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல் 'லிபர்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் வகைகள் இயற்கைச் சுதந்திரம், குடிமைச் சுதந்திரம், அரசியல் சுதந்திரம், பொருளாதாரச் சுதந்திரம், தேசச் சுதந்திரம். எழுதி மார்க் வாங்கியதும் மறந்துபோகும் பட்டியல். ஆனால் இந்த வகைகள் தனித்தனியானவையா, ஒன்றோடொன்று பின்னியவையா என்ற கேள்வியை வைத்துத்தான் 1950-ல் ஒரு மனிதர் சிறையில் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது!

முதலில் வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அரசு தோன்றுவதற்கு முன் மனிதனுக்கு இருந்ததாகச் சொல்லப்படுவது இயற்கைச் சுதந்திரம். 1651-ல் லெவியதான் எழுதிய ஹாப்ஸ், தடை இல்லாமையே சுதந்திரம் என்றார். ஆனால் எல்லோருக்கும் எல்லாச் சுதந்திரமும் இருக்கும் இடத்தில் யார் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்பதும் அவர் வாதம்தான். சட்டம் இல்லாத இடத்தில் சுதந்திரமும் இல்லை என்றார் லாக். சட்டம் அங்கீகரித்துப் பாதுகாக்கும் பேச்சு, நடமாட்டம், உடல் பாதுகாப்பு போன்றவை குடிமைச் சுதந்திரம். இதில் அரசு எப்போது தலையிடலாம்? அடுத்தவருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே என்று 1859-ல் எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். வாக்களிப்பது, தேர்தலில் நிற்பது, அரசை விமர்சிப்பது அரசியல் சுதந்திரம். மற்ற இரண்டும் பெயரிலேயே விளங்கிவிடும்.

1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசயா பெர்லின் இவற்றை இரண்டாகச் சுருக்கினார். பிறர் தலையீடு இல்லாமல் இருப்பது எதிர்மறைச் சுதந்திரம். தன் வாழ்க்கைக்குத் தானே எஜமானனாக இருப்பது நேர்மறைச் சுதந்திரம். (எதிர்மறை என்றதும் அது கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். பெர்லின் அதிகம் பயந்தது இரண்டாவதைப் பார்த்துத்தான். "உன் உண்மையான நன்மை எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி ஆட்சியாளர்கள் மக்களை அடக்க அது வழிவிடும் என்பது அவர் கவலை.)

இனி அந்த மனிதருக்கு வருவோம். ஏ.கே.கோபாலன் கண்ணூர்ப் பக்கத்துக்காரர். உப்புச் சத்தியாகிரகம், குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டம் என்று காங்கிரஸில் தொடங்கிக் கம்யூனிஸ்ட் ஆனவர். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1947 ஆகஸ்டில் நாட்டுக்குத் தேசச் சுதந்திரம் கிடைத்தது. அதே வருடம் டிசம்பரில் தொடங்கிய கோபாலனின் சிறைவாசம் 1950-லும் முடிந்தபாடில்லை. இடையில் சில வழக்குகளில் தண்டிக்கப்பட்டார், அந்தத் தண்டனைகளும் ரத்தாயின. ஆனால் தடுப்புக் காவல் உத்தரவுகள் அவரை உள்ளேயே வைத்திருந்தன.

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் வந்தது. சரியாக ஒரு மாதத்தில், பிப்ரவரி 26-ல், மத்திய அரசின் தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. மார்ச் 1-ல் அதன் கீழ் ஒரு புதிய உத்தரவு சிறையிலிருந்த கோபாலன் கையில் கொடுக்கப்பட்டது. அவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார்.

வழக்கின் முடிச்சு அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் இருந்தது. சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி ஒருவரின் உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது அது. முதல் வரைவில் இப்படி இல்லை. அமெரிக்காவில் இருப்பது போல "முறையான சட்ட வழிமுறை" என்ற கருத்துத்தான் இருந்தது. அது நீதிபதிகளுக்கு மிகையான அதிகாரம் கொடுத்துவிடும் என்று அமெரிக்க நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் சொன்னதை பி.என்.ராவ் கேட்டு வந்தார். வரைவுக் குழு ஜப்பானின் 1946 அரசியல் சட்டத்தை ஒட்டி வாசகத்தை மாற்றியது. அதோடு "சுதந்திரம்" என்று இருந்ததற்கு முன்னால் "தனிமனித" என்ற ஒரு சொல்லையும் சேர்த்தது. சபையில் பலத்த எதிர்ப்பு. அதை ஈடுகட்டத்தான் கைதிகளுக்குச் சில பாதுகாப்புகள் தரும் 22-வது பிரிவைப் பின்னர் அம்பேத்கர் கொண்டுவந்தார். வேடிக்கை என்னவென்றால், தடுப்புக் காவலுக்கு இடம் கொடுப்பதும் அதே பிரிவுதான்.

நம்பியாரின் வாதம் எளிமையானது. 19-வது பிரிவு நடமாடும் சுதந்திரம் தருகிறது. சிறையில் இருப்பவனால் நடமாட முடியாது. ஆகவே அவனைச் சிறை வைக்கும் சட்டம் நியாயமான கட்டுப்பாடுதானா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். மேலும், 21-ல் வரும் "சட்டம்" என்பது இயற்கை நீதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

1950 மே 19-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. 19 வேறு, 21 வேறு, ஒவ்வொன்றும் தனி அறை என்றார்கள். தனிமனிதச் சுதந்திரம் என்பது உடலைக் கட்டுப்படுத்தாமல் இருப்பது மட்டுமே, சட்டம் என்றால் சட்டமன்றம் முறையாக இயற்றியது எதுவும் சட்டமே என்றார்கள். ஒருவரைக் காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற 14-வது பிரிவு மட்டும் செல்லாது என்றார்கள். கோபாலனின் மனு தள்ளுபடியானது. நீதிபதி ஃபசல் அலி மட்டும் இந்த உரிமைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தவை என்று மாறுபட்டு எழுதினார்.

படிக்கும்போது பெரும்பான்மையினரின் தர்க்கம் ஓட்டை இல்லாததுபோல்தான் தெரிகிறது. வெவ்வேறு பிரிவில் இருப்பது வெவ்வேறு உரிமைதானே? ஆனால் பூட்டிய அறையில் இருப்பவனுக்குப் பேச்சும் போச்சு, கூட்டமும் போச்சு, சங்கமும் போச்சு. ஒன்றைப் பறித்தால் மற்றவையும் கூடவே போகின்றன.

கோபாலன் 1952-ல் மக்களவைக்குத் தேர்வாகி, பல ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தார். அந்தத் "தனி அறை" வாதத்தை 1970-ல் வங்கிகள் தேசியமய வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையாக ஒதுக்கியது. ஆனாலும் எமர்ஜென்சியில், 1976 ஏப்ரலில், காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 4-க்கு 1 எனத் தீர்ப்பு வந்தது. ஒற்றை ஆளாக நின்றவர் எச்.ஆர்.கன்னா. எமர்ஜென்சி 1977 மார்ச் 21-ல் விலக்கப்பட்டது. மறுநாள் கோபாலன் காலமானார்.

பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25-ல், பாஸ்போர்ட் முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், நடைமுறை என்பது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 28 வருடத்துக்கு முன் நம்பியார் கேட்டதும் அதுதான்.

1950-ன் சட்டம் 1969-ல் காலாவதியானது. 22-வது பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. தேசியப் பாதுகாப்புச் சட்டம் 1980-ல் வந்தது. குண்டர் சட்டம் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அந்தத் தமிழகச் சட்டம் 1982-ல் வந்தது. அதன் கீழ் விசாரணை இல்லாமல் ஒருவரை 12 மாதம்வரை அடைத்து வைக்கலாம். அந்த உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும்போது சொல்லப்படும் காரணங்களைக் கவனித்துப் பாருங்கள். கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், ஆவணத்தின் தமிழ் நகல் கொடுக்கவில்லை என்பது போன்றவை அதிகம் இருக்கும். எல்லாம் நடைமுறை பற்றியவை.