கூடாரமும் குளக்கரையும்



ஆண்டின் நடுப்பகுதியிற் பாடசாலை விடுமுறை கிடைத்தவுடன், குளக்கரையிலோ காட்டாற்றின் ஓரத்திலோ கூடாரமடித்து இரண்டொரு நாள் தங்கிவர விரும்புவோர் பலர். விரும்பத்தக்க பழக்கமே இது. ஆனால் கூடாரத்தை எவ்விடத்தில் அமைப்பது என்ற வினா சிறியதன்று. நம் நாட்டுக் காடுகளின் வரலாறு அவ்வினாவோடு பிணைந்துள்ளது.

கதிர்காம யாத்திரிகர் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் இரவு தங்கிப் பழகியவர்கள். உகந்தை முருகனை வணங்கிக் குமணக் காட்டினுட் புகுவோர், கும்புக்கன் ஆற்றையும் மாணிக்க கங்கையையும் நம்பியே தம் பயணத்தை வகுத்துக்கொள்வர். ஆடித் திருவிழாவை நோக்கிய அந்நடை வறட்சிக் காலத்தில் நிகழ்வது. ஆதலின் நீருள்ள இடமே அவர்க்குத் தங்குமிடமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு வகையினர் நீர்நிலைகளை நாடிவந்தனர். அவர்கள் ஆங்கில வேட்டைக்காரர். விலங்குகள் நீரருந்த வருமிடமே துப்பாக்கிக்கு வாய்ப்பான இடம் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். 1845 ஆம் ஆண்டில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜேர்ஸ் என்பார் ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டுவீழ்த்தினார் என்பர். 1846 இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் மின்னேரிக் குளக்கரையில் எருமை வேட்டையாடியபோது குண்டுகள் தீர்ந்துவிட்டன. அப்பொழுது அவர் சட்டைப்பையிலிருந்த வெள்ளி நாணயங்களைத் துணியிற் சுற்றித் துப்பாக்கியிலிட்டுச் சுட்டாராம். இதனைத் தம் நூலில் அவரே பெருமிதத்தோடு எழுதிவைத்தார்.

இந்நிலை நீடித்திருப்பின் இன்று நாம் காண யாதும் எஞ்சியிராது. 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கமொன்று தோன்றியது. அதனை அமைத்தோருள்ளும் வேட்டைக்காரர் இருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. யாலப் பகுதியின் முதற் காவலராக விளங்கியவர் எங்கல்பிறெக்ற் என்னும் போயர். தென்னாபிரிக்கப் போரிற் கைதியாகி இங்கு கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்துத் தாயகந் திரும்பாது தங்கியவர் அவர். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்து, 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. பேக்கர் வேட்டையாடிய மின்னேரியும் 1997 இல் அந்நிலையை எய்தியது.

துப்பாக்கி ஓய்ந்தது, ஆயினும் நீர்க்கரையின் இடர் முற்றும் நீங்கிற்றா? உலர்வலயத்தில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழை அரிது. வில்பத்துவில் ‘வில்லு’ எனப்படும் இயற்கைக் குளங்கள் மழைநீரையே பெரிதும் நம்பியிருப்பவை. 2013 இல் அவ்வனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அவ்வில்லுகளும் காரணமாகும். மின்னேரியிலோ, வயல்களுக்கு நீர் பாயப்பாயக் குளம் வற்றி, வெளிப்பட்ட தரையிற் பசும்புல் முளைக்கின்றது. அதனை நாடி யானைகள் நூற்றுக்கணக்கிற் கூடுகின்றன. நம் விடுமுறையும் விலங்குகளின் தாகமும் ஒரே காலத்தில் வருகின்றன என்பதை நாம் மறத்தலாகாது. கரையை அடைத்துக் கூடாரமடித்து, விளக்கேற்றி, இரவெல்லாம் பாடிக்கொண்டிருந்தால், பகல் முழுதும் நிழலிற் காத்திருந்த மான்கூட்டம் நீரருந்தாமலே திரும்பும். நாம் சுடவில்லை; ஆயினும் தீங்கு இழைத்தவராகின்றோம்.

ஆகவே, இடந் தெரிவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தேசிய வனத்தினுள்ளே வனசீவராசிகள் திணைக்களம் குறித்த இடத்தில், முன்னனுமதி பெற்றே தங்கலாம். பிறவிடங்களில், கரையிலிருந்து நூறு அடியெடுப்புக்கேனும் விலகி, மேட்டுநிலத்தைத் தெரிக. மணற்பாங்கான வறண்ட ஆற்றுப்படுகை படுக்கைக்கு இதமாகத் தோன்றும். மலையிற் பெய்த மழை நள்ளிரவில் அங்கே வெள்ளமாக வந்திறங்கக்கூடும். யானையின் இலத்தி கிடக்கும் தடத்தையும், மரத்தண்டுகளிற் சேறு உரசிய வழியையும் விட்டு அகல்க. பட்ட கிளையுள்ள மரத்தின்கீழ்த் துயிலற்க. முதலை வாழும் நீரில் இறங்காது, நீரைக் கலத்தில் மொண்டு அப்பாற் சென்று நீராடுக; சவர்க்கார நுரை குளத்திற் கலத்தல் ஆகாது. உப்பும் பழமும் யானையை ஈர்ப்பன. அவற்றைக் கூடாரத்துள் வைத்தல் ஆபத்து.

1912 இல் மாத்தளையில் இந்நாட்டுச் சாரணர் இயக்கம் தொடங்கியது. பாசறையைக் கலைத்துச் செல்லும்போது அவ்விடத்தில் நன்றியன்றி வேறொன்றையும் விட்டுச் செல்லாதே என்பது சாரணர்க்குக் கற்பிக்கப்படும் பாடம். வேட்டைக்காரன் நீர்க்கரையை அணுகியது கொல்வதற்காக. காவலன் அணுகியது காப்பதற்காக. நாம் அணுகுவது காண்பதற்காக. காண்பதற்குச் சற்று விலகி நிற்றலே நன்று. நாம் ஒதுங்கிக் கொடுக்கும் அந்த நூறு அடி நிலத்தின் வழியாகவே மான்கூட்டம் நீரை அடையும்.